மலைப்படத்தில் நின்றவள்

மூன்று படங்களையும் ஒன்றாகச் சேர்த்ததும் ஆடின புல், நகர்ந்த மேகம், ஓடின ஆடு எல்லாமே கலங்கிப் போயிருந்தன. அவள் மட்டும் கலங்கவில்லை.

செழியனுக்கு அதுதான் உறுத்தியது. அடி அண்ணாமலைப் பக்கமிருந்து மலையை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று தன் டிஜிட்டல் கேமராவில் எடுத்திருந்தான். மூன்றையும் கம்ப்யூட்டரில் கலந்தால் மேகமும் பளிச்சென்று வரும், நிழலுக்குள் கிடக்கிற கல்லும் தெரியும். நடுவில் எது அசைந்தாலும் இரட்டை இரட்டையாக விழும். புல்லுக்கட்டோடு விறுவிறுவென்று நடந்துபோன அம்மா எப்படி இவ்வளவு தெளிவாக, கேமராவையே பார்த்தபடி நிற்கிறாள்?

படத்துக்காக அவன் ஸ்டூடியோவுக்கு வந்திருந்த லாட்ஜ் முதலாளி சுப்பிரமணி அவன் தோளுக்கு மேலே குனிந்தார். "யாருய்யா இந்தக் கெழவி? ரிசப்ஷன்ல மாட்டற படம். பிச்சைக்காரி மாதிரி நிக்குது. எடுத்துடு."

எங்க அம்மாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் புல்லுக்கட்டைச் சுமந்துதானே அவனைப் படிக்க வைத்தாள்? வாய் வரவில்லை. "சரிங்க சார்," என்றான். காதெல்லாம் எரிந்தது. சே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

"டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்று அவர் வெளியே போனார்.

பக்கத்துப் பாறையை நகலெடுத்து அவள் மேல் ஒட்டினான். முதலில் கால். அப்புறம் புல்லுக்கட்டு. முகத்தைக் கடைசியாக, பார்க்காமலே ஒட்டி மறைத்தான்.

நிழல் இன்னும் கறுப்பாக இருந்தது. கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினான். யூபிஎஸ்ஸின் முனகலுக்கும் தேரடித் தெருவின் ஆட்டோ சத்தத்துக்கும் நடுவே, இப்போதுதான் அறுத்த பச்சைப் புல்லின் வாசனை, வியர்வை கலந்து, அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல வந்தது. திரையில் பாறைக்குள் அவள் நின்றாள். முன்னைவிடக் கிட்டத்தில்.

அழித்தான். வெளிச்சம் ஏற்றினான். இன்னும் கிட்டத்தில்.

அழித்தான். வெளிச்சம் ஏற்றினான். இந்தத் தடவை முகம் மட்டும். திரை முழுக்க. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அழித்தான்.

மலை மட்டும் மிஞ்சியது.

"அடேங்கப்பா! இப்பதான்யா மலை மலையா இருக்கு!" சுப்பிரமணி திரும்பி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. "காத்து ஜாஸ்தியா இருக்கே," என்று சொல்லிச் சாத்தப் போனார்.

வாசலில் அம்மா. கையில் தூக்குச்சட்டி. தலையில் முக்காடு. தலை குனிந்திருந்தது. அவர் அவளைக் கடந்து கையை நீட்டிக் கதவைச் சாத்தினார்.

"இன்னாய்யா, யாரைப் பாக்கற?"

இனிமேலும் மறைக்கக் கூடாது. "எங்க அம்மாங்க சார். படத்துல நின்னது எங்க அம்மாங்க."

"எங்கய்யா? யாருமே இல்லையே!"

அம்மா தலையை நிமிர்த்தினாள். நெற்றிக்குக் கீழே கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. அவன் ஒட்டின பாறைதான் இருந்தது, ஓரம்கூடத் தெரியாமல், சுத்தமாக.

அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"சாப்டியா கண்ணு?"