அவள் குரலில் பேசியது

சூப்பை வடிகட்டிக்கொண்டிருந்த தையல்காரியின் கை அப்படியே நின்றது. ஃப்ரிட்ஜின் மேலிருந்த சின்ன ஸ்பீக்கரில் யாரோ மெல்லப் பாட்டு முனகினார்கள். தைக்கும்போது அவள் தன்னையறியாமல் முனகும் அதே ராகம். இடையில் மூச்சு வாங்கும் இடம்கூட அதேதான். ஆனால் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அந்த ஸ்பீக்கரின் ஜோடியான மைக், நாத்தனாரின் கட்டிலருகே இருந்தது. கைக்குழந்தைக்கு வைப்பதைப் போல, அங்கே ஒரு அசைவென்றால் அடுக்களையில் கேட்கட்டும் என்று லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் வாங்கி வைத்தது. பக்கவாதத்தில் விழுந்த அவனுடைய அக்காவுக்கு இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். பேச்சு குழறும், அதுவும் எப்போதாவதுதான் வரும்.

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பவுடரும் மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை அறைக்குள் தேங்கி நின்றது; வெளியே மாலை மழை ஜன்னல் தகரத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தது; திரைச்சீலையின் நிழல் சுவரில் புடைப்பதும் வற்றுவதுமாக, அதுவும் மூச்சு விடுவதைப் போலிருந்தது. வேறு யாரும் இல்லை. நாத்தனாரின் தலைக்கடியில் இருக்க வேண்டிய தலையணை மட்டும், யாரோ தட்டி நேராக்கி வைத்தாற்போல் கால்மாட்டில் கிடந்தது.

“அக்கா, இதை யாரு இங்க எடுத்து வச்சது?”

நாத்தனார் அவளைக் கண்டதும் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு சூப்பைக் கொண்டுவந்து ஸ்பூனை நீட்டியபோது உதட்டைப் பூட்டிக்கொண்டாள். இமையோரம் கண்ணீர் இறங்கியது. துடைத்து, குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைக்கிறவளிடமே இவ்வளவு வீம்பா என்று தையல்காரிக்கு எரிச்சல் மூண்டது. மூண்ட வேகத்திலேயே முகம் காந்தியது. அந்தத் தலையணையை அவள் எப்படி மறப்பாள்?

போன மாதம் ஒரு மதியம், விரிப்பை மாற்றி மாற்றி இடுப்பு விட்டுப்போன வேளையில், அதைக் கையில் எடுத்திருந்தாள். உறை மாற்றத்தான் எடுத்தாள். மாற்றவில்லை. தூங்குகிற முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அதைப் பிடித்தபடி நின்றாள். ஒரு நிமிஷம், அவ்வளவுதான் என்று நினைத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளே நினைத்தாள். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. தலையணையை வீசிவிட்டு மண்டியிட்டவளுக்கு “இயேசுவே” என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போதகர் அவளை ஆராதனையில் எழுந்து நிற்கச் சொன்னார். “நாத்தனாரைப் பெத்த தாய் மாதிரி பாத்துக்கிற பிள்ளை இது. பாத்துக் கத்துக்கங்க.” எல்லோரும் கை தட்டினார்கள். அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்பீக்கரில் கேட்ட முனகல் மறுநாள் பேச்சானது, அதுவும் அவள் குரலிலேயே.

கணவன் வேலைக்குப் போய், வீடு அடங்கி, தையல் மெஷினும் நின்றிருக்கும் நேரமாகப் பார்த்து வரும். “பாவம், எத்தனை நாள்தான் இப்படிக் கிடப்பாங்க? நீயும் மனுஷிதானே? கொஞ்சம் தூங்க வேணாமா உனக்கு?” அது அதட்டவில்லை, பயமுறுத்தவில்லை. அந்த வீட்டில் அவளுக்காக இரக்கப்பட்ட ஒரே குரல் அதுதான். அதுதான் அவளை உலுக்கியது. கால்கள் தாமாகவே அந்த அறை வரைக்கும் போகும். அவள் வாசல்நிலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நெற்றியை மரத்தில் முட்டி நிற்பாள்.

“ஆண்டவரே, நான் நல்லவ இல்ல. நீங்க பிடிச்சுக்கலேன்னா உள்ள போயிடுவேன். பிடிச்சுக்கங்க.”

குரல் ஓயும் வரை அப்படியே நிற்பாள். ஒரு நாளும் உள்ளே போகவில்லை. ஆனால் ஜெயித்தோம் என்ற நினைப்பும் ஒரு நாளும் வரவில்லை. நெஞ்சின் ஏதோ ஒரு மூலை அந்தப் பேச்சை இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைப்பட்டதை அவள் அறிவாள். கணவனிடம் சொல்ல வாய் எடுப்பாள். “என்னம்மா?” என்று அவன் திரும்பினால், “உப்பு போதுமான்னு கேட்டேன்” என்பாள்.

பிறகு குரல் நின்றது. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் தரையில் விழுந்து நன்றி சொன்னாள். இன்று கணவன் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவன் காறித் துப்பினாலும் சரி என்று முடிவு செய்தாள்.

இருட்டத் தொடங்கும்போது வந்தான். வழக்கம்போல பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே அக்காவின் அறைக்குப் போனான். அவள் டீக்குத் தண்ணீர் வைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஸ்பீக்கரில் நாற்காலி இழுபடும் சத்தம். அவனுடைய பெருமூச்சு. அப்புறம் அவள் குரல்.

“பாவங்க. எத்தனை நாள்தான் இப்படிக் கிடப்பாங்க?”

தண்ணீர் கொதித்தது. அவள் அசையவில்லை.

“நானும் அதைத்தாம்மா நினைக்கிறேன்.” அவன் அழுதுகொண்டிருந்தான். “வெளிய சொல்லத்தான் வெக்கமா இருக்கு.”

“என்கிட்ட என்னங்க வெக்கம்?”

அப்போது அவளுக்குள் முதலில் எழுந்தது பயமல்ல. அப்பாடா என்றிருந்தது. என் கையால் இல்லை. ஒரு மூச்சு நேரம் அந்த நிம்மதியில் நின்றாள். ஒரு முழு மூச்சு. பிறகுதான் ஓடினாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. அவன் நாற்காலியில். மடியில் தலையணை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி. அவளுடைய சாயம் போன நீல நைட்டி. அவளுடைய கழுத்தில் தொங்குவதைப் போலவே ஒரு அளவு டேப். அவளுடைய முகம். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். வெட்கத்தின் சுவடே இல்லாத முகம்.

“என்னங்க! அவ பேச்சைக் கேக்காதீங்க!”

அவன் திரும்பினான். தையல்காரி மேல் பட்ட கண் அங்கே நிற்கவில்லை. மறுபடி அந்தப் பக்கமே போனது. “என்னம்மா? நீதானே இப்ப...”

அவன் கையில் தலையணை மேலே எழுந்தது.

தையல்காரி கட்டிலில் விழுந்தாள். நாத்தனாரின் முகத்தைத் தன் மார்பால் மூடாமல், முழங்கைகளை ஊன்றி, கூரை போல் கவிந்தாள். காதோரம் சூடான மூச்சு. குழறிய பேச்சு.

“தினமும்... வந்து... நிப்பா. நீன்னு... நினைச்சேன்.”

அந்த இறுக்கி மூடிய கண்கள். அந்தக் கண்ணீர்.

“முத நாள் நான்தான்க்கா.” சொல்லிவிட்டாள். “முத நாள் நானேதான். என்னை மன்னிச்சிடுங்க.”

நாத்தனாரின் இடது கை தடவித் தடவி வந்து அவள் நைட்டியைப் பற்றியது. தள்ளவில்லை. விடவுமில்லை.

“இயேசுவே” என்றாள். மறுபடி சொன்னாள். அதை மீறி, தெளிவாக, இதமாக, அவள் குரலே கேட்டது.

“அவளைத் தூக்கிடுங்க.”

அவள் எழவில்லை. “இயேசுவே.”

“தூக்குங்க.”

“இயேசுவே.”

தோளில் ஒரு கை விழுந்தது. கிரீஸ் வாடை. கணவன் கை.

மறு தோளில் இன்னொன்று. சிறியது. ஜில்லென்றிருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள்.

இரண்டும் ஒன்றாக இழுத்தன.