விளக்கை முந்திய கை

விளக்கு எரிவதற்குள் கை போய்விட்டது.

டப்பா மூடி அடிக்கும் எந்திரம். எந்தப் பொத்தானின் தலையில் விளக்கு எரிகிறதோ அதை அழுத்த வேண்டும். முன்னும் பின்னுமாக ஓடும் கோணல் வரிசை. கடைசியில் சிவப்பு. அதை அழுத்தினால் மேல்தட்டு இறங்கும். புதிதில் விளக்குகளை முறைத்து முறைத்துப் பார்த்ததில், வீட்டில் சோற்றுத்தட்டுகூட அவனைப் பார்த்துக் கண் சிமிட்டியது. இப்போது கண் கூரையில் பல்லி பார்க்கும். கை தன்பாட்டில் வேலை பார்க்கும். அந்த வேகத்தில் மயங்கிய மேஸ்திரி, விளக்கு எரியாவிட்டாலும் பொத்தான் வேலை செய்யும்படி காலையில் கம்பியை மாற்றிவிட்டார்.

தகடு எடுத்துக் கொடுப்பவர் மச்சான், மனைவியின் அண்ணன்.

"தூக்கத்துல தலகாணியப் போட்டு அழுத்துறீங்களாமே மாப்ளே? தங்கச்சி சொல்லுது."

"எத்தனை மூடி விழுந்துச்சாம்?"

மச்சான் சிரித்துக்கொண்டே விளக்குகளை அணைத்துவிட்டு, துணியோடு எந்திரத்துக்குள் தலையை நுழைத்தார். விளக்கு அணைந்தால் பொத்தான் செத்தது என்பது அங்கே வேதவாக்கு. கம்பி மாறியதை இருவருமே மறந்திருந்தார்கள்.

சூடான எண்ணெயின் வாடை தொண்டையில் ஒட்டியது. மேல்தட்டின் நிழல் மச்சானின் பிடரியில் ஈரத்துணி போலப் படிந்து கிடக்க, எங்கோ உள்ளே இரும்பு மெல்ல முனகியது.

டக்.

குனிந்து பார்த்தான். பொத்தான்மேல் அவன் விரல்தான். அவன் அனுப்பவில்லை.

டக்.

அப்போதுதான் கம்பி ஞாபகம் வந்தது. இரண்டு கைகளையும் அக்குளில் திணித்து இறுக்கினான். உள்ளே அவை துடித்தன.

"மச்சான், வெளிய வாங்க."

"இருங்க மாப்ளே, பிசுக்கு விடமாட்டேங்குது."

மெயின் சுவிட்சு எட்டும் தூரம்தான். ஆனால் கையை விட வேண்டும். விட்டால் அது எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். காலால் மச்சானை உதைத்தான்.

"அட, கூசுது மாப்ளே!"

டக்.

அக்குளில் கைகள் இருந்தன. இரண்டும்.

எதிரே ஒரு பொத்தான் தானாக அமுங்கி எழுந்தது. அடுத்தது. அவனுடைய அதே தாளம்.

கத்தினான். காற்றுதான் வந்தது.

மிச்சம் சிவப்பு மட்டும். அதன் நடுவே, ஒரு விரல் அகலத்துக்கு, எண்ணெய்ப்படலம் மெல்ல விலகியது. அக்குளின் சூட்டுக்குள் இருந்த அவன் விரல் நுனியில் அந்தப் பொத்தானின் குளிர்ச்சி தெரிந்தது.