பதினேழாம் இலக்கத்தின் இரண்டு ஓட்டிகள்

அன்புள்ள சுஜிதனுக்கு,

நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு நெடுந்தீவு மீனவர் சங்க அறையில் மூவர் இருந்தோம். கணினிக்கு முன் நான். யன்னலோரக் கதிரையில் செயலாளர் அஞ்சலா அக்கா. சேர்வர் பெட்டியை ஒட்டி, கவிழ்த்த மீன்கூடையின் மேல் ஜெகதீஸ் அண்ணை, மடியில் மீன் வெட்டும் கத்தியோடு.

வள்ளங்கள் நிற்கும் இடத்தைப் பதியும் தரவுத்தளம் மந்தமாகியிருந்தது. அதனால் ஹைப்பர் திரெடிங்கைப் போட்டேன். திங்கட்கிழமை ஊர்காவற்றுறைச் சேர்வரில் நீர் செய்யவிருக்கும் அதே மாற்றம். கணினி மூளையின் நான்கு கோர் எட்டாகத் தெரியும். உண்மையில் ஒரே இயந்திரத்துக்கு இரண்டு ஓட்டிகள். ஒருவன் தரவுக்குக் காத்திருக்கையில் மற்றவன் ஓட்டுவான்.

"அப்ப ஒரு உடம்புக்க ரெண்டு பேரோ?" என்றார் அண்ணை. "சோறு காணாதே."

"உமக்கு இப்பவே ரெண்டு பேற்ற சோறுதானே," என்றார் அக்கா.

முதலில் வேகம் கூடியது. பிறகு முன்னையிலும் மோசமாகப் படுத்துவிட்டது. ஒரே கோரில் இரண்டு பதிவுகள் மல்லுக்கட்டின. இரண்டும் பதினேழாம் இலக்க வள்ளம்.

பிழை எங்களுடையது. போன வருடம் ஜெகதீஸ் அண்ணையோடு தொழிலுக்குப் போய்க் கடலில் மூழ்கிய கிறிஸ்ரியின் இலக்கத்தையே அண்ணையின் வள்ளத்துக்குக் கொடுத்தோம். ஆண்டுப் பூசை முடியும்வரை மகனின் பெயரை வெட்டவேண்டாமென்று அல்போன்சம்மா கேட்டதால், பழைய பதிவையும் மூடவில்லை.

திரையில் ஒரு பதினேழு இறங்குதுறையில் நின்றது. மற்றது கடலிலிருந்து நேரே வந்துகொண்டிருந்தது.

துறையில் நிற்கவில்லை.

கரையேறியது.

அறைக்குள் அழுகிய சாதாளைப் பாசி மணத்தது. இப்போது இரண்டு பதினேழும் இந்த அறையைக் காட்டின.

அண்ணை எழும்பினார். வலக்கை கத்தியை ஓங்கியது. இடக்கை அந்த மணிக்கட்டைப் பிடித்தது.

"விடடா, கிறிஸ்ரி," என்று கிசுகிசுத்தார்.

அதே வாய், வேறு குரலில்: "நீதானே கயித்தை விட்டனீ."

கத்தி இடக்கையின் மூன்று விரல்களை அறுத்தது. பிறகு கழுத்து.

மின்வயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. கை நிற்கவில்லை. எலும்பு தட்டும்வரை அறுத்தது.

பொலிஸார் தற்கொலை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

உமது சேர்வரிலும் அந்த இரண்டு பதிவுகளும் உள்ளன. பழையதை மூடாமல் மாற்றத்தைச் செய்யாதையும். தொலைபேசிக் கோபுரம் பழுது, அதனால்தான் கடிதம்.

ரஜீபன்

(உறையின் பின்புறம்)

ஒட்டியபின்தான் முன்புறத்தைப் பார்த்தேன். உமது விலாசம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அனுப்புநர் கிறிஸ்ரி. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். என் இடக்கை விரல்களில் மை காயவில்லை.

படகு ஊதுகிறது. கடிதத்தைக் கொண்டுபோக அஞ்சலா அக்கா வந்து நிற்கிறார். இதோடு அவனும் உம்மிடம் வந்துவிடுவான் என்று கிழிக்கப் பார்க்கிறேன். இடக்கை விடவில்லை, உறையை அவரிடம் நீட்டுகிறது.