முப்பது குழிகள்

குழிகளைக் காணோம்.

வேறு குழாயை இழுத்துவிட்டோம் என்றுதான் ராணி முதலில் நினைத்தாள். பிளந்த குழாய் கிடந்த நீளத் தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டைக் கையுறை விரலால் துடைத்துப் படித்தாள். குழாய் எண் பதினேழு. துருவக் கடல், ஆழம் நாலாயிரத்து இருநூறு மீட்டர். எல்லாம் அவள் கையெழுத்துதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, இதே சேற்றில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக முப்பது குழி தோண்டி, முப்பது புட்டியில் மாதிரி எடுத்து, ஒவ்வொரு குழியிலும் வெள்ளை ஸ்பாஞ்சுத் துண்டை அடைத்து மூடியவளும் அவள்தான். இப்போது ஸ்பாஞ்சையும் காணோம், குழியையும் காணோம். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சேறு வழவழவென்று, யாரோ பொறுமையாக உட்கார்ந்து பூசி மெழுகியதுபோல் கிடந்தது.

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. கிடங்கில் சேற்றைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் சேற்றுராணி ஆனாள். அது வாய்க்கு நீளமென்று வெறும் ராணி ஆகிவிட்டாள். பனியை உடைத்துக்கொண்டு போகும் கப்பல்கள் கடலின் அடிவயிற்றிலிருந்து குழாய் குழாயாக உறிஞ்சி வரும் சேறு இங்கேதான் வந்து படுக்கும். குழாயை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை யாரும் தொடாமல் காப்புக்கு வைத்துவிடுவார்கள்; மறுபாதியில்தான் வேலை. அதில் ஒரு சிட்டிகையை வைத்துக்கொண்டு, எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் சேறு கெடக் கூடாது. குளிர் அறை இரவும் பகலும் நாலு டிகிரியில் இருந்தாக வேண்டும்.

இப்போது மணி பகல் பதினொன்று. ஜன்னல் இல்லாத அந்த அறைக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். கூரையில் காற்றாடி உர்ரென்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு அலமாரிகளுக்கு நடுவே குழல்விளக்கின் வெளிச்சம் மோர்போல வெளிறிக் கிடந்தது. எங்கோ ஒரு தண்ணீர்க் குழாயிலிருந்து நீர் சொட்டி, சொட்டி, நின்று, மறுபடி சொட்டியது. வழக்கமாக இங்கே ஈரக்கல் வாசனையும், அடியில் லேசாக அழுகின முட்டை வாசனையும் இருக்கும். பதினெட்டு வருஷத்தில் அது அவளுக்குத் தலையணை உறை வாசனை மாதிரி பழகிப்போயிருந்தது. இன்றைக்கு அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. வெதுவெதுப்பான, லேசாகப் புளித்த, தெரிந்த வாசனை. எங்கே முகர்ந்தோம் என்று யோசித்தாள். காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் வாயில் இருக்குமே, அது.

அவளுக்குக் காரணம் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா மகளின் கல்யாணத்துக்கு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து வெப்பமானியைப் பார்த்து எழுதவேண்டியது அவள் முறை. யாரையாவது கேட்டிருந்தால் வந்திருப்பார்கள், கேட்கக் கூச்சம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பதிவேட்டைத் திறந்து சனிக்கிழமைக்கு நாலு டிகிரி, ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு டிகிரி என்று எழுதி, பக்கத்தில் அழகாகக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனாள். திங்கள் காலை வந்து கதவைத் திறந்தால் காற்றாடி நின்றிருக்கிறது. சுவரெல்லாம் வேர்த்து வடிகிறது. வெப்பமானியில் இருபத்தாறு. அவள் குளிர் மெஷினைத் தட்டி ஓட விட்டாள், சுவரைத் துணியால் துடைத்தாள், வாயை மூடிக்கொண்டாள். குழாய்களைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் சொல்ல வேண்டிவருமே.

"என்ன ராணி, ஆச்சா?"

தூக்கிவாரிப்போட்டது. கனத்த கதவை ஒரு சாண் திறந்து டேட்டா அண்ணன் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். கிடங்கின் எண்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் அவர். சேற்று நாற்றம் ஆகாது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

"ரெண்டு மணிக்கு ஆய்வுக்குழு வராங்க. பதினேழாம் நம்பரைத்தான் கேக்குறாங்க. அந்த இடத்துல திரும்பத் தோண்ட முடியாதாம், பனி மூடிடுச்சு. ஒலகத்துலயே இது ஒண்ணுதான்."

"தெரியும்ணா. எடுத்து வைக்கிறேன்."

"பதிவேட்டையும் எடுத்து வை. போன மாசம் ஒரு கிடங்குல பொய்யா எழுதினவனை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நமக்கென்ன, ஒன் கைசுத்தம் ஊருக்கே தெரியும்." சிரித்துவிட்டுப் போனார்.

கதவு மூடியது. சம்பளம் போனால் வீடு என்னாவது என்பதைவிட, இந்த மனுஷர் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மூன்று மணி நேரம் இருக்கிறது. மறுபடி முப்பது குழியையும் தோண்டி, புது ஸ்பாஞ்சை அடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

தட்டைக் கரண்டியை எடுத்தாள். முதல் குழி இருந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினாள். சேறு விட்டுக்கொடுக்கவில்லை. மேலே மெல்லிய, ஈரமான தோல் ஒன்று படர்ந்திருந்தது; அழுத்தினால் அமுங்கி, எடுத்தால் மெல்ல எழும்பியது. கொஞ்சம் பலமாகக் குத்தினாள். தோல் பிளந்து, உள்ளிருந்து கெட்டியான, நூல்விடுகிற ஏதோ ஒன்று கரண்டி முனையோடு இழுபட்டு வந்தது. கோழை மாதிரி. அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, உமட்டல் அடங்கும்வரை அலமாரியில் சாய்ந்து நின்றாள்.

சே. சேறுதானே. பதினெட்டு வருஷமாகத் தின்ற சேறு.

ஆமாம், தின்றவள்தான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் செய்கிற காரியம் அது, விதிப்புத்தகத்தில் இருக்காது. வண்டலா களிமண்ணா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. கரண்டி முனையால் துளி எடுத்து முன்பல்லுக்கு நடுவே வைத்து இப்படியும் அப்படியும் அரைத்துப் பார்க்க வேண்டும். நறநறவென்றால் வண்டல், வெண்ணெயாக வழுக்கினால் களிமண். பிறகு துப்பிவிட்டு, கரண்டியைக் கழுவி, அடுத்த குழிக்குப் போக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவள் கழுவவில்லை. வாயில் வைத்த கரண்டியாலேயே அடுத்ததைத் தோண்டினாள், அடுத்ததை, அடுத்ததை. முப்பது குழியிலும் அவள் எச்சில். அதன்மேல் இரண்டு நாள் வெயில்காலச் சூடு.

முகரும்போது தெரிந்த வாசனையாக இருந்ததே. வேறு யாருடையதும் இல்லை. அவள் வாய்தான்.

இதைப் புரிந்துகொண்டபோது அவளுக்குத் தன் நாக்கே அருவருப்பாக இருந்தது. அதை வாய்க்குள் எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தாள்.

ஓடிவிடலாமா என்று நினைத்தாள். பதிவேடு நினைவுக்கு வந்தது. பழைய ஸ்பாஞ்சுத் துண்டு உள்ளேயே புதைந்திருந்தால் ஆய்வுக்குழு முதல் கத்தி வைத்ததுமே வெளியே வந்துவிடும். அதை எடுத்தாக வேண்டும். கையுறை வழுக்கியது, கழற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலைப் பிளவுக்குள் விட்டாள்.

சூடாக இருந்தது.

நாலு டிகிரி அறையில், சூடாக. பக்கச் சுவர்கள் மெத்து மெத்தென்று, வரிவரியாக, ஈரமாக. ஈறு. குழந்தையின் பல் முளைக்காத ஈற்றைத் தடவியிருக்கிறவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பாஞ்சு தட்டுப்படவில்லை. இன்னும் உள்ளே விட்டாள். ஓரிடத்தில் மட்டும் கெட்டியாக, கூராக, அரிசிமணி அளவுக்கு ஏதோ விரல்நுனியில் இடறியது.

விரலை இழுத்தாள்.

வரவில்லை.

வலிக்கவில்லை. கடிக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கணுவரை. பிறகு மெதுவாக, இப்படியும் அப்படியும் அசைந்தது. அவசரமே இல்லாமல். அரைத்துப் பார்த்தது.

கத்த வாயைத் திறந்தாள். கதவு மறுபடி ஒரு சாண் திறந்தது.

"என்ன ராணி, உள்ள சத்தத்தையே காணோம்? கை கொடுக்க வரட்டுமா?"

அலமாரியின் மறைவில் அவள் முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை போதும். ஓடி வந்துவிடுவார், நாற்றத்தைக்கூடப் பார்க்கமாட்டார், அப்படிப்பட்ட மனுஷர். வந்தால் குழாயைப் பார்ப்பார். குழாயைப் பார்த்தால் கேட்பார். விரலைச் சுற்றி ஈரம் ஏறி உள்ளங்கையைத் தொட்டது. கரகரவென்று இரண்டாவது அரிசிமணி ஒன்று நகக்கண்ணில் ஊன்றியது.

"வேணாம்ணா," என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். "எல்லாம் சரியா இருக்கு. நாலு டிகிரி."

"அப்ப நான் சாப்பிட்டு வந்துடறேன். கதவைச் சாத்திட்டுப் போறேன், இல்லேன்னா குளிர் போயிடும்."

சாத்தினார். செருப்புச் சத்தம் தேய்ந்தது. காற்றாடி உர்ரென்றது.

இப்போது கத்தினாள். கனத்த கதவு. தடித்த சுவர். யார் காதிலும் விழவில்லை.

குழாயின் மறுகோடியில் ஏதோ பிசுக்கென்றது. பார்க்கக் கூடாது. பார்த்தாள். தோல் பிளந்து ஒரு குழி திறந்தது. அதற்கு அடுத்தது. அடுத்தது. ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று, பிசகாமல், அவளைப் பார்க்க வரிசையாக. எல்லாவற்றிலும் ஈரம். எல்லாவற்றிலும் வெள்ளையாக இரண்டிரண்டு மணிகள். இடது கையால் தட்டைத் தள்ளினாள். கை வழுக்கியது. விழுந்தது, சேற்றின்மேல், உள்ளங்கை விரிந்தபடி.

அதையும் பிடித்துக்கொண்டன.

அவள் முகத்துக்கு நேரே கடைசிக் குழி திறந்தது. உள்ளிருந்து சாம்பல்நிற நாக்கு ஒன்று மெல்ல வெளியே வந்து, இருபக்கமும் தடவி, தன் உதடுகளை நனைத்துக்கொண்டது.