‘கள்ளா’ என்று கத்திய இயக்குநர்

பெர்னட் சேர் மேசையைத் தட்டி, "கள்ளா!" என்று கத்தினார்.

நான் உடனே நம்பவில்லை. என் காதில் பிழை இருக்கலாம் என்று நினைத்தேன். எனக்கு அடிக்கடி அப்படி நடக்கும். ஆனால் பக்கத்தில் நின்ற மிதுலனின் முகம் வெளிறிப் போயிருந்தது. அப்படியென்றால் அவனுக்கும் அதே சொல்தான் கேட்டிருக்கிறது.

"ஜது, என்னைப் பாத்துத்தானே சொன்னவர்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தெரியேல்ல," என்றேன். தெரியும். சேரின் கண்கள் நேரே அவன்மேல்தான் இருந்தன.

அது 2005ஆம் ஆண்டின் குளிர்காலம். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பழைய மண்டபம். செவ்வாயும் வியாழனும் பின்னேரங்களில் எங்களுக்கு அங்கே நாடக வகுப்பு. அந்த முறை நாங்கள் ஓர் ஒப்பெரா போட இருந்தோம். வசனம் எல்லாவற்றையும் பாட்டாகவே பாடும் நாடகத்துக்கு அதுதான் பெயர். ‘கொஞ்சம் தண்ணி தா’ என்பதைக்கூட அதில் பாடித்தான் கேட்க வேண்டும்.

எங்களைப் பழக்க வந்தவர்தான் பெர்னட் சேர். ஸ்பெயினில் காத்தலோனியா என்ற பகுதியில் பிறந்தவர். பெரிய பெரிய மேடைகளில் ஒப்பெராக்களை இயக்கியவர். வாசலில் இருந்த சுவரொட்டியில் அவருடைய வாழ்க்கை முழுக்க இருந்தது. அவருடைய அப்பா போத்தல் தக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாராம். சேர் சின்ன வயதில் தேவாலய மண்டபத்தில் முதல் நாடகம் நடித்தாராம். அதில் அவருக்கு மரத்தின் வேடமாம். பிறகு பார்சிலோனா, பெர்லின், லண்டன்.

நான் எழுத்துக்கூட்டித் திரும்பவும் வாசித்தேன். அவர் தமிழ் படித்ததாக எங்கேயும் இல்லை.

பிறகு எப்படிக் ‘கள்ளா’ தெரியும்?

மிதுலன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் நாடகத்தில் ஒரு வெண்கல மணி வரும். பனிமூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கும் படகுகளுக்காக அதை அடிப்பார்கள். பிறகு கலங்கரை விளக்கக்காரரின் மகன் தனியாகப் பாடி, படகுகளைக் கரைக்கு அழைப்பான். அந்த மகன்தான் மிதுலன். செவ்வாய்க்கிழமை கடைசியாக மணியைக் கையில் வைத்திருந்தவனும் அவன்தான்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால், மணி இல்லை.

இடைவேளையில் மிதுலன் தன் பையைத் தோளில் மாட்டினான்.

"நான் இனி வரமாட்டன்."

"விசரே உனக்கு? அந்தப் பாட்டை வேற ஆர் பாடுறது?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா? ஏற்கெனவே, கணக்கு வகுப்புக்குப் போகாம இதென்ன கூத்து எண்டு கேக்கிறார். கள்ளன் எண்டு பேரும் எடுத்தா, பிறகு பாடவே விடமாட்டார்."

"அவர் ‘கல்யா’ எண்டும் சொல்லியிருக்கலாம்."

"அதார் கல்யா? எங்கட கடைக் கல்யாணசுந்தரம் மாமாவே? அவர் இஞ்ச மீன் வேசம் போடுறாரே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் கொஞ்சம் வந்தது. ஆனாலும் பையைக் கழற்றவில்லை.

"கொஞ்சம் பொறு," என்றேன். "அவருக்குத் தமிழ் தெரியுமோ எண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

சேர் ஜன்னலோரம் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய், சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயோ, சேரின்ர சப்பாத்து லேஸ் அவிண்டு கிடக்கு."

தமிழ் தெரிந்தால் கட்டாயம் குனிந்து பார்ப்பார். அவர் பார்க்கவில்லை.

ஒரு சோதனை போதாது என்று தோன்றியது. "சேர், உங்கட தலையில பல்லி," என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு வாய் கோப்பி குடித்தார்.

அப்பாடா! தமிழ் தெரியாது.

மிதுலனிடம் சொல்லத் திரும்பினேன். அப்போது சேர் கோப்பையை வைத்துவிட்டு, கையை அசைத்து, "வா, வா!" என்றார்.

சுத்தமான தமிழ். என் கால்கள் தாமாகவே அவரிடம் போய்விட்டன.

இப்போது என் சந்தேகம் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. தமிழ் தெரிந்துகொண்டே தெரியாதவர்போல இருக்கிறாரோ? நடிப்புச் சொல்லித்தருகிறவருக்கு அதெல்லாம் ஒரு வேலையா?

ஒத்திகை தொடங்கியது. மிதுலன் பையோடே நின்று வாயைத் திறந்தான். வந்த சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கள்ளா! கள்ளா!" என்று சேர் இன்னும் உரக்கக் கத்தினார்.

மிதுலன் பாட்டை நிறுத்தினான். யாரையும் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"எங்கே போகிறான்?" என்று சேர் ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் கேட்பது பிழையாக இருந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சரியாக இருந்தால் சேருக்குக் கோபம் வரும். ஆனால் கேட்காமல் விட்டால் மிதுலன் பஸ் ஏறிவிடுவான்.

"சேர், மணியை மிதுலன் எடுக்கவில்லை," என்றேன். "ஏன் அவனைக் கள்ளன் என்றீர்கள்?"

"நானா?"

"‘கள்ளா’ என்றீர்கள். எங்கள் மொழியில் திருடனை அப்படித்தான் கூப்பிடுவது."

சேர் கதிரையில் இருந்துவிட்டார். "அது காத்தலான். எங்கள் வீட்டு மொழி. ‘பேசாதே’ என்று அர்த்தம்."

நான் அதையும் உடனே நம்பவில்லை. "பாடுகிறவனை எதற்குப் பேசாதே என்றீர்கள்?"

"பார்த்தது அவனை. சொன்னது அவனுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு. அவர்களுடைய சத்தத்தில் அவன் பாட்டு எனக்குக் கேட்கவே இல்லை!"

நான் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் சுஜீத்தும் கிருஷாந்தும் ஒரு கிறிஸ்ப்ஸ் பைக்கட்டுக்காக அப்போதும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ ‘வா’?"

"‘ம், நடக்கட்டும்’ என்று சொல்வது. ஏன், அதுவும் கெட்ட வார்த்தையா?"

"இல்லை சேர். அது நல்ல வார்த்தை. மணி எங்கே?"

"அதன் நாக்கு கழன்றுவிட்டது. பொருத்தக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்," என்று எழுந்தவர், கோட்டைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

மிதுலன் பஸ் தரிப்பிடத்தில் நின்றான். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கண்ணைச் சுருக்கினான்.

"இப்பிடிச் சொல்லச் சொல்லி அவர்தானே உன்னை அனுப்பினவர்?"

"இல்லையடா! சுஜீத்தையும் கிருஷாந்தையும்தான் அவர் ஏசினவர்."

சேர் அவன் முன்னால் குனிந்தார். "நான் உன்னளவு இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழியைப் பேசக் கூடாது," என்றார். "எனக்கோ அடிக்கடி வாய் தவறிவிடும். சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்கள். இன்றைக்கும் அவசரம் என்றால் அந்த மொழிதான் முதலில் வருகிறது. ஆனால் நீ பயந்துவிட்டாய். இனி அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன். உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது?"

"பேசாதேங்கோ," என்றேன்.

"பெசா... டெங்கோ!"

மிதுலனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வேண்டாம் சேர். நீங்கள் உங்கள் சொல்லையே சொல்லுங்கள். இனி எனக்கு விளங்கும்," என்றான். பிறகு யோசித்து, "ஆனால் சுஜீத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்," என்றான்.

பஸ் வந்து கதவைத் திறந்தது. ஏறவில்லை என்று மிதுலன் தலையாட்டினான்.

மண்டபத்தில் அவன் பையைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் நின்றான். சேர் கடைசி மூலைக்குப் போய் நின்றுகொண்டார். மிதுலன் பாடத் தொடங்கினான். முதலில் குரல் மெல்லியதாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மூலையிலிருந்து சேர் கையை உயர்த்தினார். கேட்கிறது என்று அர்த்தம். கிருஷாந்த் கிறிஸ்ப்ஸை வாயில் வைத்தபடி மெல்லுவதை மறந்து நின்றான்.

பாட்டின் நடுவில் கதவு திறந்தது. மிதுலனின் அப்பா சண்முகராசா கார்த் திறப்போடு நின்றார். அவனைக் கூட்டிப் போக நேரத்தோடே வந்துவிட்டார். ஏசப் போகிறார் என்று நினைத்து நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையாமல் நின்றார்.

மிதுலன் பாடி முடித்துவிட்டு அப்போதுதான் அவரைக் கண்டான்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?" என்று அவர் கேட்டார். "மிச்சத்தையும் பாடு."

"முடிஞ்சுது அப்பா."

"அப்ப திரும்பப் பாடு," என்று அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அதில் இருந்தார்.