எதிர்வீட்டு விளக்கு

எதிர்வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜன்னலில் அடித்திருந்த பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. அதில் கண்ணை வைத்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். எதிர்வீட்டு வங்கிக்காரர் குடும்பம் காலையிலேயே மூட்டை முடிச்சோடு காரில் ஏறி மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டது. கதவில் பூட்டு தொங்கியது. தெரு முழுக்கக் கரண்ட் போய் வெகுநேரம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பழைய குண்டு பல்பு, அணையப்போகும் கரித்துண்டு மாதிரிச் சிவந்து, மழைக்குப் பின்னால் மினுங்கியது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. போனவர்களில் யாரோ எதையோ மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தாள். காலையிலிருந்து மனித முகத்தையே பார்க்காதவளுக்கு அந்தச் சிவப்பு வெளிச்சமே ஒரு துணையாக இருந்தது.

போகும்போது வங்கிக்காரர் மனைவி கூப்பிடத்தான் செய்தாள். "நீங்களும் வாங்கக்கா. தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

"அவர் நடுவுல ஒரு எட்டு வந்தா பூட்டின கதவைத்தான் பார்க்கணும். நீங்க கிளம்புங்க" என்று சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டாள்.

அவள் கணவர் லைன்மேன். தெருப் பிள்ளைகளுக்குக் கரண்ட் மாமா. அந்த வகையில் அவள் கரண்ட் அத்தை. புயல் என்றால் மற்ற வீட்டு ஆண்கள் எல்லாம் அரை நாள் முன்னதாகவே வீட்டுக்கு வந்து கால் நீட்டிப் படுப்பார்கள். இவர் மட்டும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவார். கல்யாணமாகி எத்தனை புயல் வந்ததோ அத்தனையிலும் அவள் ஒற்றை ஆள். பிள்ளை குட்டி என்று ஒன்று இருந்திருந்தால் அதையாவது கட்டிக்கொண்டு கிடந்திருக்கலாம். அந்தப் பேச்சை அந்த வீட்டில் இருவருமே எடுப்பதில்லை.

ஆனால் வீட்டை அம்போவென்று விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. விடிவதற்குள் எழுந்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார், தண்ணீர்த் தொட்டி மூடியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார், காற்றில் பறந்து யார் மண்டையையாவது பதம் பார்க்கும் என்று மாடிப் பூந்தொட்டிகளை எல்லாம் கூடத்துக்குள் இறக்கி வைத்தார். அரிசி மூட்டை பரண் ஏறியது. பின்கட்டுத் தகரக் கொட்டகையில் சின்ன ஜெனரேட்டரைத் துடைத்து வைத்தார். அதற்கென்று இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்று உண்டு. ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலும் செருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும். வேறு யார் வீட்டிலாவது அப்படி ஓர் ஒயரைப் பார்த்தால் திட்டித் தீர்த்து, வெட்டி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். தன் வீட்டுக்கு மட்டும் தன் கையாலேயே செய்துவைத்திருந்தார்.

"மெயினை இறக்கிட்டேன். அது இறங்கியே கிடக்கட்டும். ஏறியிருக்கும்போது ஜெனரேட்டரைப் போட்டா, நம்ம வீட்டு கரண்ட் வெளியே கம்பிக்குப் போயிடும். தெரியும்ல?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பாட்டுத்தானே. போங்க, பத்திரமா போயிட்டு வாங்க."

சாயங்காலம் போன் வந்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"நம்ம தெரு முனையிலதான் நிக்கறேன். மரம் சாஞ்சு லைன் அறுந்து கிடக்கு. ஏறி இழுத்துக் கட்டிட்டேன்னா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போறேன்."

"கம்பிக்கு எர்த் போட்டீங்களா?" இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளும் பாதி லைன்மேன்தான். எங்கிருந்தாவது கரண்ட் கம்பியில் வந்தாலும் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கட்டு அது. அதைப் போடாமல் ஏறக்கூடாது.

"எர்த் கம்பி ஜீப்புல கிடக்கு. ஜீப் மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. சப்ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணியாச்சு. இந்தப் பக்கம் ஜெனரேட்டர் இருக்கறது நம்ம வீடு ஒண்ணுதான். உனக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தையில் பெருமை இருந்தது. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதோடு போன் செத்துப்போனது.

அதற்குப் பிறகு இருட்டு மெல்ல மெல்ல வீட்டுக்குள் ஏறியது. பலகைகள் விம்மின, ஆணிகள் முனகின, கூடத்தில் வரிசையாக நின்ற பூந்தொட்டிகளின் ஈரமண் வாசனை மூக்கை அடைத்தது, குளியலறைச் சாக்கடைக்குள் காற்று புகுந்து யாரோ தொண்டையைச் செருமுவது மாதிரி இடைவிட்டு இடைவிட்டுச் சத்தம் போட்டது. சுவரில் தன் நிழல்கூட இல்லை என்பது அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. நனைந்து வருகிற மனுஷன் இருட்டு வீட்டுக்குள்ளா நுழைவது? பின்கட்டுக்குப் போய் ஒயரைச் செருகி, கயிற்றை இழுத்து, ஜெனரேட்டரை ஓட விட்டாள். அது வழக்கம்போல ஓடவில்லை. பாரம் தாங்காமல் மூச்சு வாங்கியது. கூடத்து விளக்கும் மங்கலாகத்தான் வந்தது. மழையில் நனைந்துவிட்டது, சனியன் என்று வைதுவிட்டு, டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அவர் வருகிறாரா என்று பார்க்க ஜன்னல் இடுக்குக்கு வந்தாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு விளக்கைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. பூட்டு அப்படியே தொங்கியது. அந்த பல்பு, பின்கட்டில் ஜெனரேட்டர் திணறும்போது மங்கியது; அது மூச்சுப் பிடித்து ஓடும்போது பிரகாசித்தது. அவள் தலைக்கு மேலே எரிந்த கூடத்து விளக்கும் அதே கணத்தில் மங்கி, அதே கணத்தில் பிரகாசித்தது.

இரண்டும் ஒரே கரண்ட்.

மத்தியானம். கரண்ட் இருக்கும்போதே தொட்டியை இன்னொரு தடவை நிரப்பிக்கொள்ளலாம் என்று மோட்டார் போட்டாளே. அதற்காக மெயினை ஏற்றினாளே. தண்ணீர் பாதி ஏறும்போது கரண்ட் போனது. மோட்டார் ஸ்விட்சை அணைத்தாள். மெயினை?

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். கைப்பிடி மேலே இருந்தது.

பின்கட்டுக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. கால் பூந்தொட்டியில் இடித்து ரத்தம் வந்தது. ஜெனரேட்டரை அணைத்தாள். ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். வீடு இருண்டது. எதிர்வீடும் இருண்டது.

கதவைத் திறந்து தெருவுக்கு ஓட வேண்டும். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

"நான்தான். திற."

அவர் குரல். அவள் உடம்பிலிருந்த உயிர் எல்லாம் கால் வழியே இறங்கிப்போய்த் திரும்பி வந்தது. திறந்தாள். காற்று அவளைச் சுவரோடு தள்ளியது. அவர் உள்ளே வந்தார், அவளைத் தாண்டிப் போனார், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தி அதன்மேலேயே சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள்.

"நான் பாவி. மெயினை இறக்காம ஜெனரேட்டரைப் போட்டுட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? ஏறலையே நீங்க?"

"களைப்பா இருக்கு" என்றார்.

"இருங்க, டீ கொண்டுவரேன்."

"வேணாம். தொண்டைல இறங்காது."

ஈரத் துணி வாசனை இல்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்தால் வருமே, அந்த வாசனை கூடம் முழுக்க இருந்தது. டீத்தண்ணீர் சுண்டிவிட்டதோ என்று நினைத்தாள். அடுப்பின் நீல வெளிச்சம் லேசாகக் கூடம் வரை வந்தது. அதில் அவர் உருவம் தெரிந்தது. நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தது. எதையோ எட்டிப் பிடித்திருப்பது போல விரல்கள் மூடியிருந்தன.

"கையை இறக்குங்களேன். ஏன் அப்படி வச்சிருக்கீங்க?"

"வரமாட்டேங்குது."

"வலிக்குதா? நான் பிடிச்சு விடட்டுமா?"

"நீ தொடாத. கொஞ்ச நேரம் ஆகும்."

டார்ச் எங்கோ விழுந்திருந்தது. அவள் தேடவில்லை. தேடப் பிடிக்கவில்லை.

தெருவில் ஜீப்பின் உறுமல் கேட்டது. மரத்தை நகர்த்திவிட்டார்கள் போலிருக்கிறது. பலகை இடுக்கு வழியே வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. யாரோ கத்தினார்கள். அவருடைய ஹெல்பரின் குரல்; உடைந்து, அழுதுகொண்டே, திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைக் கத்தியது. "அண்ணே! அண்ணே!"

அவள் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஜீப்பின் விளக்கு தெருமுனைக் கம்பத்தை நோக்கி இருந்தது. மழை வெள்ளையாகக் கொட்டியது. கம்பத்தின் உச்சியில் இடுப்புப் பெல்ட்டில் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. அவளே துவைத்துக் காயப்போடுகிற ரெயின்கோட். வலது கை மட்டும் மேலே. கம்பியோடு கம்பியாக. மூடிய விரல்களுடன்.

ஹெல்பர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவளுக்குப் பின்னால் நாற்காலி இருந்தது. நாற்காலியில் அவர் இருந்தார்.

"இனிமே டியூட்டி இல்ல" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. "இங்கேயே இருப்பேன்."

ஏணியின் உச்சியில் ஹெல்பர், கம்பியிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

கை விழுந்தது.

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்பாடா" என்றார். "இப்பதான் கை வந்துச்சு."

அடிப்பிடித்த வாசனை நெருங்கியது. பிறகு, அவள் உச்சந்தலையில், இன்னும் சூடு ஆறாத ஐந்து விரல்கள் மெதுவாகப் படிந்து, எப்போதும்போலத் தலையைத் தடவிக் கொடுக்கத் தொடங்கின.