பிணம் போட்ட மார்க்

"சார், காப்பி."

பதில் இல்லை.

"சார்?"

சிமுலேட்டர் அது. ஆறு இரும்புக் கால்களில் நின்றபடி குலுங்கும், ஆடும், சாயும்... தரையை விட்டு மட்டும் எழும்பாது. விமானிகளுக்குத் தேர்வு வைக்கும் பொய் விமானம்.

உள்ளே கிடந்த பிணம் நிஜம்.

அவளுக்குத் தேர்வு வைத்த தேர்வாளரின் பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் தீயணைப்பு உருளை. அதன் அடிப்பாகம் வேறொரு சிவப்பில் இருந்தது.

இரண்டு காப்பியும் அவள் காலில் கொட்டின. சுட்டது அப்புறம்தான் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் பயிற்சி மையத்தின் கூட்ட அறையில் போலீஸ். இன்ஸ்பெக்டர் ஒரு படிவத்தை மேசை மேல் அவள் பக்கம் தள்ளினார்.

"செத்தவர் மடியில இருந்துச்சு. படிம்மா."

அவள் பெயருக்கு நேரே, 'தகுதி இல்லை'. தேர்வு முடிந்த நேரம் 11.20. கீழே தேர்வாளரின் கையெழுத்து.

"எத்தனாவது தடவை எழுதற?"

"எழுதறதில்ல சார், ஓட்டறது. மூணாவது தடவை."

"மூணும் ஊத்திக்கிட்டா?"

"எந்தக் கம்பெனியும் சேர்த்துக்காது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

வீட்டில் அப்பா இருந்தார். கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். ஒரு கண்ணைச் சில்லுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"ஃபெயில் போட்டாரு, கோபம் வந்துச்சு, அடிச்சுட்ட. அப்படித்தானே?"

"ஃபெயில்னு இப்ப நீங்க காட்டித்தான் சார் எனக்கே தெரியும். தேர்வு முடிஞ்சதும், 'நான் ரிசல்ட் எழுதறேன், நீ போய் காப்பி வாங்கிட்டு வா'ன்னார். கத்தரி முகத்துல ஒண்ணும் தெரியாது."

"கத்தரியா?"

"நாங்க வச்ச பேரு. நிறையப் பேரை வெட்டி விடுவார்."

"அவரையே யாரோ வெட்டி விட்டுட்டாங்க. கதவு கார்டு வச்சாத்தான் திறக்கும். காலையில இருந்து உள்ள வந்தது மூணே கார்டு. செத்தவர், நீ, கேப்டன்."

கேப்டன் எதிரே உட்கார்ந்திருந்தார். பயிற்சித் தலைவர். விமானிகளைச் சேர்ப்பதும் அவர்தான், கழிப்பதும் அவர்தான். தோளில் நான்கு தங்கப் பட்டைகள். பன்னிரண்டாயிரம் மணி நேரம் பறந்தவர் என்று கம்பெனியே பெருமை பேசும்.

"எனக்கு அப்பவே சந்தேகம் இன்ஸ்பெக்டர். இந்தப் பொண்ணுக்குப் படபடப்பு ஜாஸ்தி. சின்ன ஊருக்குப் போற சின்ன விமானம்தானேன்னு கண்டவங்களையும் சேர்த்தா இப்படித்தான். அதுலயும் நாப்பத்தெட்டு உசுரு உட்கார்ந்திருக்கு."

அவள் அதைக் கேட்கவில்லை. படிவத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

11.20...

"சார், இதைக் கத்தரி எழுதல."

"கையெழுத்து அவரோடதுதானேம்மா?"

"கையெழுத்தைப் பார்த்துப் போட்டுடலாம். நேரம் தப்பு."

"பதினொன்னு இருபதுக்குத்தானே தேர்வு முடிஞ்சுது?"

"சுவர்க் கடிகாரத்துல. விமானிங்க அதை எழுத மாட்டோம். எந்த ஊர்ல இருந்தாலும் உலகத்துக்கே பொதுவா ஒரு கடிகாரம், ஜூலு டைம். நம்ம நேரத்தைவிட அது அஞ்சரை மணி நேரம் பின்னால. முதல் நாள் பாடமே அதுதான். அப்புறம் கை தானா எழுதும். கத்தரி, மக கல்யாணப் பத்திரிகையிலயே ஜூலு டைம் போட்டுட்டார். பாதிச் சொந்தக்காரங்க பந்தல் போடறப்பவே வந்துட்டாங்க."

இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்தார். உடனே நிறுத்தினார்.

"அப்ப, இதை எழுதினது விமானி இல்ல. ஆனா உள்ள இருந்த மூணு பேருமே விமானிதானே?"

"அதான் சார் எனக்கும் இடிக்குது."



"பதற்றத்துல மாத்தி எழுதியிருப்பார்," என்றார் கேப்டன். "நான்கூடச் சில சமயம்..."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"கேப்டன், மேல ஏறிக்கிட்டிருக்கோம். இடது இன்ஜின் நின்னு போச்சு. விமானம் இடது பக்கமா இழுக்குது. எந்தக் கால் பெடலை மிதிப்பீங்க?"

"என்னையே பரீட்சை பண்றியா?"

"சும்மா சொல்லுங்க கேப்டன்," என்றார் இன்ஸ்பெக்டர். "நானும் தெரிஞ்சுக்கறேன்."

ஒரு விநாடி... இரண்டு... மூன்று...

"இடது."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"நாப்பத்தெட்டு பேரும் செத்துட்டோம். ஓடற இன்ஜின் பக்கத்துப் பெடலைத்தான் மிதிக்கணும் சார். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எங்க கால் சொல்லும்."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். கான்ஸ்டபிள் கேப்டனின் கோட்டுப் பையில் கைவிட்டார்.

வெளியே எறிய நேரம் கிடைக்காத காகிதங்கள் வந்தன. ஒன்று, கத்தரி பெயருக்கு வந்த கடிதம். கேப்டன் முன்பு வேலை பார்த்ததாகச் சொன்ன விமானக் கம்பெனி அனுப்பியிருந்தது. இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"'தாங்கள் விசாரித்த நபர் எங்களிடம் விமானியாக இருந்ததில்லை. சீருடைக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தார்.'"

பட்டைகள் எங்கிருந்து வந்தன என்பது எல்லோருக்கும் புரிந்தது.

"ஒரு பய கேக்கல," என்றார் கேப்டன். குரல் இறங்கியிருந்தது. "சேர்க்கறப்ப பேப்பரைப் பார்த்தாங்க, பட்டையைப் பார்த்தாங்க, கை குலுக்கினாங்க. ஏழு வருஷம்... இந்தக் கிழவன்தான் லெட்டர் போட்டுக் கேட்டான்."

இன்னொரு காகிதம் நான்காகக் கிழிந்திருந்தது. அவள் துண்டுகளைச் சேர்த்தாள். கத்தரியின் கோணல் எழுத்து. ஜூலு டைம். அதற்கு மேலே...

'தகுதி உண்டு.'

"சார், இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? எங்கப்பாவுக்குக் காட்டணும்."

"சாட்சிப் பொருளைத் தொடக் கூடாதும்மா," என்ற இன்ஸ்பெக்டர், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நான் வெளிய பார்த்துக்கிட்டிருக்கேன். சீக்கிரம் எடு."

ஜீப்பில் ஏற்றும்போது கேப்டன் இன்ஸ்பெக்டரை முறைத்தார்.

"பன்னிரண்டாயிரம் மணி நேரம்னு ஊரே நம்புச்சுய்யா."

"வருத்தப்படாதீங்க. இனிமே உள்ள நீங்க கழிக்கற ஒவ்வொரு மணி நேரமும் அசல். கையெழுத்துப் போட ஜெயிலர் இருக்கார்."